படிவத்தில் இடமில்லாத பந்தம்

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் ஆகிய இருவர் அடங்கிய அமர்வு, 2025-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி ஓர் ஆட்கொணர்வு மனுவின்மீது பிறப்பித்த உத்தரவை, தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருத்தி, தான் நேசித்த இன்னொரு பெண்ணோடு வாழப் புறப்பட்ட குற்றத்துக்காகப் பெற்றோர் வீட்டுக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டாள்; காப்பாற்ற வேண்டிய போலீசாரே அவளைப் பெற்றோருடன் அனுப்பிவைத்தனர்; வீட்டில் அடியும் பட்டு, அவளைச் ‘சரியாக்கும்’ சடங்குகளுக்கும் உட்பட்டாள். தாயாரோ, அந்தச் சிநேகிதிதான் தம் மகளைப் போதைப் பழக்கத்தில் தள்ளிக் கெடுத்துவிட்டாள் என்று முறையிட்டார். நீதிபதிகள் அந்தப் பெண்ணை நேரில் அழைத்துப் பேசிப் பார்த்து, இவள்மீது அப்படியொரு பழி சுமத்துவது நியாயமன்று என்று கண்டு, அவள் வாயாலேயே அவள் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு, அவளை விடுவித்தனர்.

அந்தத் தாயைப்பற்றி எழுதும்போது நீதிமன்றம் கடுமை காட்டவில்லை. அவர் லீலா சேத் அல்லர் என்று மட்டும் குறித்தது. இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி லீலா சேத். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது, தம் மகனும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகிவிட்டான் என்று ஒரு தாயின் துயரத்தைப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியவர். அத்தகைய தாய்மார் நம்மிடையே அரியர் என்பதை அறிந்தே, மகள் நாலு பேரைப்போலக் கலியாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்த வேண்டும் என்ற ஆசையைத் தாங்கள் உணர்வதாகவும், ஆனால் வயது வந்தவளின் சித்தத்தைத் தாயின் ஆசை மீற முடியாது என்றும் நீதிபதிகள் கூறினர். அதோடு, குடும்பம் அமைப்பதற்கு விவாகம் ஒன்றே மார்க்கமன்று, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் எழுதினர். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒரே பாலினத்தார் மணந்துகொள்ளும் உரிமையை அங்கீகரிக்க மறுத்துவிட்ட பிறகு, சட்டத்தின் எல்லைக்குள் நின்றுகொண்டே இவ்வளவு தூரம் சொன்னது பெரிய காரியம்.

ஆனால் நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்த அந்த இருவரும் எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்வது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. அந்தக் கேள்வி எல்லாரையும் ஒரே அளவில் வருத்தும் கேள்வியும் அன்று. இருவரும் படித்து, சம்பாதித்து, ஒரே அந்தஸ்தில் இருந்துவிட்டால் ஒருவாறு சமாளித்துக்கொள்ளலாம். ஒருவர் ஏழையாகவும் மற்றவர் வசதியுள்ளவராகவும், ஒருவர் ஒரு மதமும் மற்றவர் வேறு மதமுமாக இருந்துவிட்டாலோ, சட்டத்தின் மௌனம் முழுவதும் அந்த ஏழையின் தலையிலேதான் இறங்குகிறது. நான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது அதைத்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகும் காட்டுச் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். மழையை நம்பிக் கேழ்வரகு விதைக்கும் மலைப்பிரதேசம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் சந்தையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கும் எல்லைச் சீமை. இந்தப் பக்கத்து இளைஞர்கள் பிழைப்புக்காக ஏறும் ஊர் ஓசூர். அங்கிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டை இன்று எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வரை விரிந்து, ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளையும் அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கிய பிள்ளைகளையும் ஒரே சீருடையில், ஒரே ஷிப்டில், ஒரே ஹாஸ்டல் அறையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஊரில் இருந்திருந்தால் வாழ்நாள் முழுவதும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திருக்க மாட்டாதவர்கள் இங்கே ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இப்படி நெருங்குகிற இடத்தில் சிநேகம் பிறக்கும். சிநேகங்களுள் சில காதலாகும். அந்தக் காதல்களுள் சில ஆணுக்கு ஆண்மீதும், பெண்ணுக்குப் பெண்மீதும் உண்டாகும். இது இயற்கை.

இந்தச் சீமையில் எல்லை தாண்டிய காதலுக்கு என்ன விலை என்பதை நாம் அறிவோம். 2012 நவம்பரில், ஜாதி மாறி நடந்த ஒரு கலியாணத்தைக் காரணமாகக் கொண்டு, பக்கத்துத் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. 2018 நவம்பரில், ஓசூருக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஜாதி மாறி மணந்துகொண்ட இளம் தம்பதியர் கடத்திச் செல்லப்பட்டு, கர்நாடகத்தில் சிவனசமுத்திரத்தின் பக்கம் காவிரியிலிருந்து பிணங்களாக எடுக்கப்பட்டனர். அந்தக் காவிரிதான் மேகதாட்டைக் கடந்து, நாட்றாம்பாளையத்துக் காடுகளின் ஓரமாக ஒகேனக்கல்லுக்கு வருகிறது. ஆணும் பெண்ணுமாக, சட்டம் அங்கீகரித்த விவாகம் செய்துகொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், மதமும் அந்தஸ்தும் மாறி, அதற்கும் மேலே ஒரே பாலினத்தவராகவும் இருக்கும் இருவர் ஊரில் எப்படி வாய் திறப்பார்கள்? அவர்கள் வாய் திறப்பதில்லை; எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் முடிவில், கேரளத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ இளைஞரும் ஒரு முஸ்லிம் இளைஞரும் பெங்களூரில் நண்பர்கள் சூழ மோதிரம் மாற்றிக்கொண்ட புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படங்களில் தெரிந்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் அந்தச் சடங்கைப் பதிவு செய்ய அந்த நகரத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகமும் கிடையாது.

ஓர் உதாரணத்தை நானாகவே கற்பித்துக்கொண்டு இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கிறேன். நாட்றாம்பாளையத்துக் கூலி விவசாயி ஒருவரின் மகன், ஓசூர் ஆலை ஒன்றில் தொழிலாளி. அவன் நேசிப்பதும் அவனை நேசிப்பதும் அதே ஆலையின் பொறியாளர், வசதியான முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பி.எஃப். பிடிக்கிறார்கள், அதற்கான நியமனப் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, பங்கு ஆகியவற்றோடு, ‘உறுப்பினருக்கு இவர் என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் முன்னால் பேனா நின்றுவிடும். 1952-ஆம் வருஷத்து வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் விதிப்படி, உறுப்பினருக்குக் ‘குடும்பம்’ இருக்குமானால் அதற்கு வெளியே யாரை நியமித்தாலும் அந்த நியமனம் செல்லாது. குடும்பம் என்றால் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், தன்னை அண்டி வாழும் பெற்றோர். இந்தக் கடைசிச் சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். பொறியாளரின் தகப்பனார் சொந்தச் சம்பாத்தியமுள்ளவர்; மகனை அண்டி வாழாதவர்; ஆகவே மகன் தனக்கு வேண்டியவரை நியமிக்க விதி குறுக்கே நிற்காது. தொழிலாளியின் தகப்பனாரோ மகன் அனுப்பும் பணத்தில்தான் கஞ்சி குடிக்கிறார். ஆகவே அவனுக்குக் ‘குடும்பம்’ உண்டு. ஆகவே தன் துணைவனின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுத அவனுக்கு உரிமை இல்லை. பெற்றோருக்குப் பணம் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவன் மனத்திலும் இருக்காது. ஆனால் மனைவி உள்ளவன் மனைவிக்கும் பெற்றோருக்கும் பங்கு வகுத்து எழுதலாமே! அந்த வகுத்தல் இவனுக்கு மட்டும் ஏன் இல்லை? ஈ.எஸ்.ஐ. வைத்திய வசதியிலும் இதே கதைதான். அங்கேயும் துணைவனுக்கு இடமில்லை.

இனி, பொறியாளர் அகால மரணம் அடைந்தால்? வீடு அவர் பெயரில். வண்டி அவர் பெயரில். ‘உயில் எழுதிவைத்தால் ஆயிற்று’ என்று சொல்பவர்கள் உண்டு. முஸ்லிம் தனிச்சட்டப்படி, ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசல்லாதவருக்கு உயில் எழுதினால், வாரிசுகளின் சம்மதமின்றி அது செல்லாது. இந்த இருவரும் ஆணும் பெண்ணுமாக இருந்து 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்திருந்தால், மதத்தின் வாரிசு முறை விலகி இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தியிருக்கும். அந்தச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு, மதம் மாறி மணப்பவர்களை உறவினரின் கோபத்துக்கு எத்தனை முறை காட்டிக்கொடுத்திருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த ஆபத்தான கதவாவது அவர்களுக்கு உண்டு. இவர்களுக்கு அதுவும் அடைபட்டிருப்பதால், பத்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கவலையில் தூங்காதிருந்த அந்தத் தொழிலாளி, சில நாட்களுக்குள் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியவனாகிறான். அவனை வெளியேற்றுகிறவர்கள் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை.

மத்திய அரசு 2024-இல் சில சிறு கதவுகளைத் திறந்தது, அதை மறைக்கக்கூடாது. தன்பால் துணைவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நியமித்துக்கொள்ளவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தப்பட்டது. ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மாநிலங்களுக்கு எழுதப்பட்டது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவரின் உடலைப் பெற்றுக்கொள்ளவும் வழி சொல்லப்பட்டது. இவை நல்லவை. ஆனால் அஞ்செட்டித் தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தரிடம் இரண்டு ஆண்கள் சென்று தாங்கள் ஒரே குடும்பம் என்று சொல்லும்போது, ‘அதற்கு ஆதாரம் என்ன?’ என்று அவர் கேட்பார். அவர் கேட்பதில் துவேஷம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆதாரம் என்று நீட்ட ஒன்றுமில்லை என்பதே துன்பம்.

இத்தகைய அன்பு மேல்நாட்டுச் சரக்கு என்றும், நம் சம்பிரதாயத்துக்கு ஒவ்வாதது என்றும் சொல்பவர்களோடு நான் சற்றுப் பேச விரும்புகிறேன். இந்த அன்பைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு, மெக்காலே வகுத்து 1860-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தில் வெள்ளையர் எழுதிவைத்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதன் பிடியிலிருந்து நம்மை விடுவித்தது. மேல்நாட்டிலிருந்து வந்தது தடைதான். அன்புக்கு நம் மண்ணில் பழைய சான்றுகள் இருக்கின்றன.

லாகூரில், ஷாலிமார் தோட்டத்துக்கு அருகே பாக்பான்புராவில் ஒரு தர்கா இருக்கிறது. அங்கே பக்கம்பக்கமாக இரண்டு சமாதிகள். ஒன்று 1538-இல் நெசவாளர் குலத்தில் பிறந்து, அக்பர் காலத்தில் வாழ்ந்து, 1599-இல் மறைந்த சூஃபிக் கவி ஷா ஹுசேனுடையது. மற்றொன்று, ராவி நதிக்கு அக்கரையில் ஷாதராவைச் சேர்ந்த பிராமணப் பையன் மாதோ லாலுடையது. சிவப்பு உடுத்துத் தெருவில் ஆடிப் பாடித் திரிந்த இந்த நெசவாளர், அந்த பிராமணப் பையன்மீது கொண்ட பிரேமையை ஊர் அறியக் கொண்டாடினார். பையனின் வீட்டார் தடுத்ததும், பிறகு மாதோ அவரைத் தேடி வந்து சேர்ந்ததும், அவர் போன பிறகும் பல காலம் இருந்து, முடிவில் அவர் பக்கத்திலேயே அடக்கமானதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அது வெறும் ஞானப் பிரேமைதான், குரு சிஷ்ய பாவம்தான் என்று சாதிப்பவர்களும் உண்டு. நான் அவர்களோடு வாதாட மாட்டேன். இரண்டு மனிதர்களின் அந்தரங்கத்துக்கு நானூறு வருஷம் கழித்துச் சாட்சி சொல்ல யாராலும் முடியாது. நான் பார்ப்பது ஜனங்களை. மதமும் குலமும் வெவ்வேறான இந்த இருவரையும் பிரித்துச் சொல்ல மனமில்லாமல், கவியின் பெயரையே ‘மாதோ லால் ஹுசேன்’ என்று சேர்த்துச் சொல்லி, மார்ச் மாதக் கடைசியில் விளக்கேற்றித் திருவிழா எடுத்துவருகிறார்கள். அவர்கள் வித்வான்களோ சீர்திருத்தக்காரர்களோ அல்லர், குடியானவர்களும் கூலிக்காரர்களுமே.

அந்தஸ்து மாறிய அன்புக்கு ஒரு சான்று, நம்மவர் ஒருவருடைய சிநேகிதர் வாழ்விலேயே கிடைக்கிறது. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான சர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்த நாளில் அவருக்கு ஆப்த நண்பரானவர் எட்வர்ட் கார்ப்பெண்டர். அருணாசலத்தின் அழைப்பின்பேரில் 1890-இல் இலங்கைக்கு வந்து, இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் உபதேசம் கேட்டு, அதைப் புத்தகமாகவும் எழுதிய இந்த ஆங்கிலேயர், நாடு திரும்பிய காலத்தை ஒட்டி ஜார்ஜ் மெரில் என்பவரை ரயில் பிரயாணத்தில் சந்தித்தார். மெரில் ஷெஃபீல்டு நகரத்துச் சேரியில் வளர்ந்த ஏழை. ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய அதே தேசத்தில், அந்தச் சிறைவாசம் முடிந்து ஒரு வருஷமே ஆன 1898-இல், இவர்கள் இருவரும் மில்த்தார்ப் என்ற கிராமத்தில் ஒரே வீட்டில் குடியேறி, 1928-இல் மெரில் இறக்கும்வரை முப்பது வருஷம் பகிரங்கமாக வாழ்ந்தனர். அடுத்த வருஷம் கார்ப்பெண்டரும் போய்ச் சேர்ந்தார். அவர்கள் வீட்டுக்கு 1913-இல் வந்துபோன இ.எம்.ஃபார்ஸ்டர், அந்தப் பிரயாணத்தின் பயனாகவே கனவானும் வேட்டைக்காவலனும் காதலிக்கும் ‘மாரீஸ்’ என்ற நாவலை எழுதினார். தாம் உயிரோடிருக்கும்வரை அதை வெளியிடத் துணியவில்லை. அது 1971-இல்தான் அச்சேறியது. கார்ப்பெண்டருக்குப் பிதிரார்ஜித சொத்து இருந்தது, பெயர் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். மெரிலுக்கு அவர் ஒருவரே இருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷப் பொறுப்பு இருக்கிறது. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தபோது அதற்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது. ஐயரும் அக்கினியும் இல்லாத விவாகம் விவாகமே அன்று என்று பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இருந்தும் ஆயிரக்கணக்கான தம்பதியர், தங்கள் குழந்தைகளின் வாரிசுரிமையே சந்தேகத்துக்குள்ளாகும் என்று தெரிந்தும், அந்த முறையில் மணந்து வாழ்ந்தனர். அண்ணா முதலமைச்சரான 1967-இல் சட்டம் வந்து, அதற்கு முன் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. சுமார் நாற்பது வருஷம் ஜனங்கள் முன்னே நடந்தார்கள். சட்டம் பின்னே வந்து சேர்ந்தது.

இன்றும் அத்தகைய ஒரு வழியை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் காட்டியிருக்கிறார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், தமக்கே இந்த விஷயம் விளங்கவில்லை என்று திறந்த மனத்தோடு ஒப்புக்கொண்டு, ஒரு மனநல நிபுணரிடம் தாமே சென்று கேட்டறிந்த பிறகு, 2021 ஜூன் 7-ஆம் தேதி அவர் பிறப்பித்த உத்தரவு நம் நியாயஸ்தலங்களின் சரித்திரத்தில் ஓர் அபூர்வம். காணாமற்போனவர் வயது வந்தவர், தம் இஷ்டப்படியே போனவர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு போலீசார் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார்; ‘மாற்றும் சிகிச்சை’ என்ற கொடுமையைத் தடுத்தார். அதன் பயனாக 2022-இல் போலீசாரின் நடத்தை விதிகளே திருத்தப்பட்டன. அதே வழக்கில் 2023 நவம்பரில், இருவர் தங்களைக் குடும்பமாக அறிவித்துக்கொள்ளும் ‘குடும்பப் பிணைப்புப் பத்திரம்’ ஒன்றைப் பதிவு செய்ய அரசு ஏற்பாடு செய்யலாம் என்று யோசனை சொன்னார். விவாகச் சட்டம் தில்லியின் கையில் இருக்கலாம். ஒரு பத்திரத்தைப் பதிவு செய்து, அதை மாநில அரசின் அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் மதிக்க வேண்டும் என்று உத்தரவிடத் தமிழ்நாட்டுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. திருநருக்கெனத் தனிக் கொள்கையை 2025 ஜூலையில் வெளியிட்ட அரசு, இந்தப் பத்திரத்தையும் தாமதமின்றிச் சட்டமாக்க வேண்டும். நாட்றாம்பாளையத்துத் தொழிலாளி தாலுகா அலுவலகத்தில் நீட்டக்கூடிய ஆதாரம் அதுவாக இருக்கும்.

அதுவரை கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியதும் உண்டு. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாதி மதம் மாறி மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளரும் சமூக நல அலுவலரும் அடங்கிய தனிப்பிரிவும், பாதுகாப்பு இல்லமும் அமைக்கச் சொன்னது. அந்தப் பிரிவின் வாசலுக்கு இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ வந்து நின்றாலும் அதே பாதுகாப்பு உண்டு என்று ஒரு சுற்றறிக்கை போதும். ஆலை ஹாஸ்டல்களின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பிரிவின் தொலைபேசி எண்ணைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் ஒட்டச் செய்யலாம். எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அப்பால் ஓடிப்போனவர்களைத் தேடிக் கர்நாடகம் செல்லும் நம் போலீசார், அவர்களை வீட்டுக்கு இழுத்துவராமல் அங்கேயே வாக்குமூலம் வாங்கித் திரும்ப வேண்டும் என்று ஆணையிடலாம். ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்கான பரிந்துரைகளுக்காக நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அப்படி வரும் சட்டத்தில் ‘தம்பதி’ என்ற பதத்துக்குப் பொருள் எழுதும்போது, மணந்தவர்கள் என்று மட்டும் எழுதாமல், சேர்ந்து வாழத் தீர்மானித்த வயது வந்த எந்த இருவரும் என்று எழுதப்பட வேண்டும்.